யாரும் கொடுக்காத ஆறு டியூப்

திங்கட்கிழமை காலை போன் அடித்தபோது செவ்வந்தி பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் பிசின். புறங்கையால் போனைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"செவ்வந்திக்கா, ரிசல்ட் வந்துடுச்சு" என்றாள் சசிகலா. மலையில் பதினோரு ஊர்களின் சுகாதார வேலையை மேற்பார்வை பார்க்கிற பெண் அவள். திருப்பத்தூரிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்கூட்டியில் ஏறி வருவாள். "உங்க ஊர்ல நாப்பது டியூப். முப்பத்திநாலு நல்லா இருக்குது. ஆறுல ரத்தம் கலந்திருக்குதுன்னு வந்திருக்குது. பேரை எழுதிக்குங்க."

செவ்வந்திக்கு எழுதக் கை ஓடவில்லை. சசிகலா படித்தாள். மாணிக்கம்மாள், கருப்பன், பாஞ்சாலை... மூன்றாவது பேரிலேயே மீதி மூன்றும் செவ்வந்திக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் என்ன? அந்த ஆறு பேரும் டியூபைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஆறையும் நிரப்பியவள் செவ்வந்திதான். தன்னுடையதை எடுத்துத்தான் நிரப்பினாள்.

"கேக்குதாக்கா? வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஜீப்பு வரும். ஆறு பேரையும் ஏத்தி வுடுங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரில சேத்துக்குவாங்க, மறுநாள் கேமரா வுட்டுப் பாப்பாங்க. பயப்பட வேணாம்னு சொல்லுங்க. ரத்தம் தெரிஞ்சா எல்லாமே கேன்சர் இல்ல. ஆனா பாத்தே ஆவணும். சீக்கிரம் பாத்தா எடுத்துப் போட்டுட்டு வூட்டுக்கு வந்துடலாம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை செவ்வந்தியே நாற்பது வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது எவ்வளவு லேசாக இருந்தது!

"வர மாட்டோம்னு சொன்னாங்கன்னா?" என்று கேட்டாள்.

"ரெஜிஸ்டர்ல மறுப்புன்னு எழுதி கைநாட்டு வாங்கிடுங்க. வேற இன்னா பண்றது? ஆனா வுட்றாதீங்கக்கா. பேசிப் பாருங்க. நீங்க பேசினா கேப்பாங்க."

போன் நின்றது. செவ்வந்தி பலாச்சுளையைப் பார்த்தாள். இரண்டு மாதமாக அவள் போட்ட பழியைச் சுமந்துகொண்டிருந்த பழம் அது.

அதைச் சொல்வதற்கு முன் டியூப் கதையைச் சொல்லிவிடுகிறேன். பச்சை மூடி போட்ட, சுண்டுவிரல் அளவு டியூப். மூடியோடு சேர்ந்து ஒரு சின்னக் குச்சி. மலத்தில் குச்சியை நாலு இடத்தில் குத்தி, டியூபுக்குள் விட்டு மூடினால் முடிந்தது வேலை. கண்ணுக்குத் தெரியாத ரத்தமும் அதில் தெரிந்துவிடும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கிற எல்லோருக்கும் ஒன்று. ஊருக்கு நாற்பது. செவ்வந்திக்கு வயது நாற்பத்திநாலு, அவளுக்கு டியூப் கிடையாது. அவள் ஊர்ச் சுகாதாரப் பணியாளாக டியூபை வாங்கி அனுப்புகிறவள்.

கொடுத்தார்களா? முதல் வாரம் ஒரே சிரிப்பு. "நெல்லு கேட்டாங்க, வோட்டு கேட்டாங்க, இப்ப இதையும் கேக்கறாங்களா" என்று கருப்பன் குழாயடியில் வைத்துக் கேட்க, செவ்வந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. வீடு வீடாகப் போனாள். வலி இல்லையென்றாலும் உள்ளே கட்டி வளரும் என்றாள். ரத்தம் போனால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள் என்றாள். சூடு என்று சொல்லி வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள் என்றாள். முப்பத்திநாலு பேர் மனம் இறங்கிக் கொடுத்தார்கள்.

ஆறு பேர் அசையவில்லை. அதில் முதல் ஆள் அவளுடைய நாத்தனார் மாணிக்கம்மாள். வீட்டுக்காரனின் அக்கா. நாலு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறாள். வாய் திறந்தால் ஊர் அடங்கிவிடும்.

"சீவின முடியக்கூட காத்துல போவாம மண்ணுல பொதைக்கிறவ நானு. எங்கிட்ட வந்து இதைக் கேக்கறியே. யாருகிட்ட போவும், எங்க வெப்பாங்க, இன்னா பண்ணுவாங்கன்னு உனுக்குத் தெரியுமா? எங்க சின்ன மாமியாருக்குக் காலடி மண்ண எடுத்துத்தான் செய்வினை வெச்சாங்க. மூணு மாசத்துல படுத்துட்டா."

"அண்ணி, அது மிசின்ல போட்டுப் பாத்துட்டு எறிஞ்சிடுவாங்க."

"எங்க எறிவாங்க?"

பயிற்சியில் அதைச் சொல்லித்தரவில்லை.

மற்ற ஐந்து பேரும் மாணிக்கம்மாளின் வாயைப் பார்த்து நடக்கிறவர்கள். டியூபைத் திருப்பிக் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. நாற்பதும் நிரம்பாத ஊரில் அடுத்த வருஷம் வேறு ஆளைப் போடுவார்கள் என்று பேச்சு. செவ்வந்திக்கு அந்த நீலக்கரைச் சேலையும், தோளில் தொங்குகிற பையும், "செவ்வந்தி வந்திருக்குது" என்று ஜனங்கள் நாற்காலி எடுத்துப் போடுவதும் ரொம்பப் பிடித்திருந்தது. அதை ஒளிப்பானேன்? பிடித்திருந்தது.

விடிகாலையில் ஆறு டியூபையும் முந்தானையில் முடிந்துகொண்டு ஓடைக்கு அந்தப்பக்கப் பாறைச்சரிவுக்குப் போனாள். போகும்போது அவள் யோசித்ததுதான் வேடிக்கை. ஊரிலேயே சுத்தமான உடம்பு யாருக்கு? பரோட்டா கிடையாது, பாக்கெட் தீனி கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. சாமைச் சோறும் கீரையும் தின்று நாளைக்கு இரண்டு தடவை மலை ஏறி இறங்குகிற உடம்பு. நோய் வந்தால் கீழ்நாட்டு ஆட்களுக்கு வரும், தனக்கா வரப்போகிறது? அந்த ஆறு பேருக்கும் நல்ல ரிசல்ட்டாக வரட்டும் என்று ஏதோ தானம் பண்ணுகிற மாதிரி நினைத்துக்கொண்டு நிரப்பினாள். அன்றைக்குப் பார்த்து கண்ணுக்கு ரத்தம் ஒன்றும் தெரியவில்லை.

தெரிகிற நாட்களும் இருந்தன. இரண்டு மாதமாக, பலா பழுக்க ஆரம்பித்ததிலிருந்து. ஒருநாள் கோடு மாதிரி சிவப்பாக, மூன்று நாள் ஒன்றுமில்லாமல். பலாப்பழச் சூடு என்று அவளே முடிவு கட்டினாள். வெந்தயத்தை ஊறவைத்து அவளே குடித்தாள். பகலில் அடுத்த வீட்டு வாசலில் "சூடுன்னு வுட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு வருவாள், இரவில் தம்ளரில் வெந்தயத்தைப் போட்டு மூடி வைப்பாள். இரண்டும் அவளேதான். அது ஊராருக்குச் சொல்கிற பாடம், இது நம் உடம்பு, நமக்குத் தெரியாதா என்கிற நினைப்பு.

இப்போது ரிசல்ட் வந்திருக்கிறது. மிஷின் தப்பாகச் சொல்லுமா? ஒரு டியூப் என்றால் தப்பு என்று தள்ளிவிடலாம். ஆறுமா ஒன்றுபோலத் தப்பாகும்?

அன்று சாயங்காலம் ரெஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழி ஒன்று இருந்தது. ஆறு பேருக்கும் நேரே "மறுப்பு" என்று எழுதிவிட்டால் ஆயிற்று. கைநாட்டுக்கு அவளுக்கே பத்து விரல் இருக்கிறது. யாருக்கும் தெரியாது, வேலையும் போகாது. மாணிக்கம்மாள், மறுப்பு. கருப்பன், மறுப்பு. பாஞ்சாலை, மறுப்பு. மூன்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. ஆறு பேர் மறுத்துவிட்டால், ரத்தம் போகிற ஆள் எந்தக் கணக்கிலும் இல்லை. நாற்பது பேர் பட்டியலில் அவள் பேரே கிடையாது. தேடிக்கொண்டு வர ஒருத்தரும் வரமாட்டார்கள். மறுக்கிறவள் தான் ஒருத்திதான் என்று அப்போது உறைத்தது.

ரெஜிஸ்டரை மூடிப் பையில் போட்டாள். நாலு நாள் பலாப்பழத்தைத் தொடாமல் இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிவிட்டு வெந்தயத்தை ஊறப்போட்டாள்.

"இன்னா, எளைச்சிக்கினே போறே?" என்றான் ராஜாக்கண்ணு, சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தவன். அவள் வீட்டுக்காரன் அதிகம் பேசமாட்டான். பேசினால் பார்த்ததைத்தான் பேசுவான். "ஜாக்கெட்டு தோள்ல நிக்க மாட்டேங்குது."

"ஊரெல்லாம் ஏறி எறங்கறேனே, எளைக்காம இன்னா பண்ணும்?" என்றாள். சொல்லிவிட்டிருக்கலாம். அந்த நிமிஷம் சொல்லியிருந்தால் அவன் ஒருத்தனோடு முடிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை அவள் நினைத்தே பார்க்காத இடத்திலிருந்து வந்தது வினை. ஆறு பேருடைய போனுக்கும் மெசேஜ் வந்துவிட்டது. அவர்களுடைய நம்பரைப் பாரத்தில் எழுதிக் கொடுத்தவளும் இவள்தான்.

கருப்பன் போனைத் தூக்கிக்கொண்டு ரஞ்சித்தின் கடைக்குப் போய்ப் படிக்கச் சொன்னார். ரஞ்சித் கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தான். "திரு. கருப்பன் அவர்களுக்கு. தங்களின் மல மாதிரிப் பரிசோதனையில் ரத்தம் கண்டறியப்பட்டுள்ளது. மேல் சிகிச்சைக்கு..." கடை வாசலில் ஒரே சிரிப்பு. கருப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் குடுக்கவே இல்லியேடா" என்றார்.

அதற்குள் பாஞ்சாலை போனோடு வந்தாள். பின்னாலேயே மாணிக்கம்மாள். மூன்று போனிலும் ஒரே வாசகம், பேர் மட்டும் வேறு. கொடுக்காத மூன்று பேர். மத்தியானத்துக்குள் அது ஆறாயிற்று. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

கொடுக்காதது எப்படிப் போனது? யாரோ எடுத்திருக்கிறார்கள். அரசாங்கம் கட்டிக்கொடுத்த கக்கூஸில் பாதி வீட்டில் விறகு அடுக்கியிருக்கிறது, மீதிப் பேர் போவது ஓடைக்கு அந்தப்பக்கம். யாருடையது எது என்று ஒளிந்திருந்து பார்த்து எடுத்திருந்தால்? எடுத்தது மிஷினுக்குத்தான் போனது என்று என்ன நிச்சயம்? ரத்தம் வந்திருக்கிறது என்றால் வைத்தது வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? இப்படியே பேசிப் பேசி, சாயங்காலத்துக்குள் கருப்பனுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. காலையில் இரண்டு ஆள் சோறு தின்றவர் கட்டிலில் சுருண்டு படுத்துவிட்டார். மாணிக்கம்மாள் மந்திரித்த மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு, பாஞ்சாலைக்கும் ஒன்று கட்டிவிட்டு, எலுமிச்சம்பழத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டீ, டியூபெல்லாம் உங்கிட்டதானே வந்துச்சு. எங்க பேர் போட்டத யாரு குடுத்தா?" என்று செவ்வந்தியைக் கேட்டாள்.

வாசல் நிறைய ஜனம். செவ்வந்தியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டியபடியே இருந்திருந்தால் நல்லது. "காலைல கதவைத் தொறக்கறப்போ வாசல்ல பையில வெச்சிருந்தாங்க அண்ணி. நீங்களே வெச்சிட்டுப் போனீங்கன்னு நெனச்சிக்கினேன்" என்றாள்.

அவ்வளவுதான். வைத்தது யார் என்று ஊர் தேட ஆரம்பித்தது. கருப்பனுக்கும் ரமேஷுக்கும் வரப்புத் தகராறு இருப்பது எல்லோருக்கும் தெரியும். இருட்டுவதற்குள் ரமேஷின் பெண்சாதியைக் குழாயடியில் யாரும் குடம் வைக்க விடவில்லை. அவள் காலிக் குடத்தோடு செவ்வந்தியின் வீட்டைத் தாண்டிப் போனபோது செவ்வந்தி உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. பயத்தில் வெட்கம் எத்தனை நேரம் நிற்கும்?

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு சொன்னார்கள். நாளைக் காலை காளியம்மன் கோயிலில் வீட்டுக்கு ஒருத்தர் வரவேண்டும். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, நாங்கள் எடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணவேண்டும். பொய்ச்சத்தியம் பண்ணின வீடு விளங்காது என்பதில் மலையில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. செவ்வந்திக்கும் கிடையாது.

புதன்கிழமை காலை அவள் ஓடைப்பக்கம் போய்விட்டு வரும்போதே ராஜாக்கண்ணு குளித்துத் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீ இரு. நான் போய் அணைச்சிட்டு வர்றேன். நம்ம வூட்டுல இன்னா பயம்?"

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் துளிக் கவலை இல்லை. செவ்வந்தி பின்னாலேயே நடந்தாள். அன்று காலை அவளுக்கு மறுபடி ரத்தம் போயிருந்தது. இந்தத் தடவை கோடோடு நிற்கவில்லை. பார்த்துவிட்டுக் காய்ந்த இலைகளைத் தள்ளி மூடினாள். பலாப்பழத்தைத் தொட்டு முழுசாக இரண்டு நாள் ஆகிறது.

கோயில் முன்னால் ஒரு கல்லில் சூடத்தைக் கொளுத்தி வைத்தார்கள். முதலில் ரமேஷ் வந்தான். கண்ணில் தண்ணீர் நிற்க, "என் புள்ளைங்க மேல சத்தியம்" என்று உள்ளங்கையால் அறைந்து அணைத்தான். அப்படியும் கருப்பன் வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்தடுத்து ஏழெட்டு வீடு முடிந்தது. ராஜாக்கண்ணுவின் முறை வந்தது. புதுசாகச் சூடம் வைத்துக் கொளுத்தினார்கள். அவன் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு குனிந்தான்.

"எங்க வூட்டுல யாரும்..." என்று ஆரம்பித்துக் கையை ஓங்கினான்.

"வேணாங்க!" என்று செவ்வந்தி கத்தினாள். கத்தினது அவளுக்கே அப்புறம்தான் காதில் விழுந்தது. ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அணைக்காதீங்க. நான்தான். யாரும் யாருதையும் எடுக்கல. ஆறு டியூப்லயும் நான்தான் போட்டேன். என்னுதுதான் அது. நாப்பது ரொம்பணும்னு போட்டேன். ரமேஷு ஒண்ணும் பண்ணல."

சூடம் எரிந்துகொண்டே இருந்தது. பிறகு யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"எம் பேர்ல உன்னுதா?" என்றார் கருப்பன். அவர் எழுந்து நின்ற வேகத்தைப் பார்த்தால் வயிற்று வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "தூ! எம் பேர போட்டு... எம்மா, நீயெல்லாம் ஒரு... அப்போ எனக்கு ஒண்ணுமில்லியா?"

"ஒங்களுக்குன்னு பாக்கவே இல்ல மாமா."

"அதான் சொல்றேன், ஒண்ணுமில்ல!"

பாஞ்சாலை கையில் கட்டின மஞ்சள் கயிற்றை அவிழ்த்தெறிந்தாள். ஐந்து முகமும் விளக்கு ஏற்றின மாதிரி ஆயிற்று. ரமேஷ் ஒரு வார்த்தை பேசாமல் தன் வீட்டைப் பார்த்து நடந்தான். செவ்வந்திக்கு வசவு விழுந்தது. ஆனால் அதில் காரம் இல்லை. பிழைத்தோம் என்கிற சந்தோஷத்தில் திட்டுகிற திட்டு ஒரு மாதிரியாக இருக்கும், கேட்டவர்களுக்குத் தெரியும். ஜனங்கள் கலைய ஆரம்பித்தார்கள். மாணிக்கம்மாள் மட்டும் சேலையை உதறிச் செருகிக்கொண்டு, "ஒங்கையால இனிமே தண்ணிகூட வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போனாள்.

பத்தடி போயிருப்பாள். நின்றாள். திரும்பினாள்.

"ஏண்டீ செவ்வந்தி" என்றாள். இவ்வளவு மெதுவாக அவள் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. "அப்போ ஒடம்பு கெட்டிருக்கறது யாருக்கு?"

அதை அதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. ராஜாக்கண்ணுவின் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை. செவ்வந்தி அவனைப் பார்க்கவில்லை. "எனக்குத்தான் அண்ணி" என்றாள். சொன்னதும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கோயில் வாசலில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

சசிகலாவுக்கு போன் போட்டுச் சொன்னாள். சசிகலா பொரிந்து தள்ளினாள்.

"இன்னா காரியம்கா பண்ணீங்க! ஒங்களுது நல்லா இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும் தெரியுமா? ஆறு பேருக்கும் ஒண்ணுமில்லன்னு நாங்களே எழுதிக் குடுத்திருப்போம். அதுல ஒருத்தருக்கு நெஜமாவே இருந்து, ஒண்ணுமில்லன்னு நம்பிக்கினு உக்காந்து செத்துப் போனா? யார் பதில் சொல்றது?"

செவ்வந்திக்கு அந்த யோசனை இந்த நிமிஷம் வரை வரவே இல்லை. தானம் என்று நினைத்துக் கொடுத்தது அது.

"வேலைய வுட்டு எடுத்துடுவாங்க. நான் மேல சொல்லாம இருக்க முடியாது" என்றாள் சசிகலா.

"சொல்லுங்க மேடம். எடுத்துக்கட்டும். ஜீப்பை மட்டும் நிறுத்தாதீங்க."

"எத்தினி நாளா போவுது?" என்று கேட்டாள் சசிகலா. இப்போது அந்தக் குரலில் கோபம் இல்லாதது செவ்வந்தியை இன்னும் பயமுறுத்தியது.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஜீப்பு வந்து ஹாரன் அடித்தது. ஆறு பேருக்கென்று வந்த வண்டியில் செவ்வந்தியும் ராஜாக்கண்ணுவும் ஏறினார்கள். டிரைவர் வண்டியை எடுக்கப் போகும்போது பின்கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். மாணிக்கம்மாள், கையில் ஒரு கூடை, வெள்ளைத் துணியில் கட்டின சாமைக் களி.

"தள்ளி உக்காருடி" என்றாள்.

"தண்ணிகூட வாங்க மாட்டேன்னீங்க?"

"வாங்க மாட்டேன்தான். இது நான் குடுக்கறது." ஏறி உட்கார்ந்தாள்.

கீழே இறங்குகிற ஒவ்வொரு வளைவிலும் செவ்வந்திக்கு ஒரு கணக்கு ஓடியது. இரண்டு மாதம் என்று சசிகலாவிடம் சொல்லியிருந்தாள். இரண்டுதானா? போன வருஷம் பலா பழுத்தபோதும் ஒரு தடவை பார்த்தோமே? தீபாவளிக்கு எண்ணெய்ப் பலகாரத்தின் மேல் பழி போட்டோமே? சின்ன மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நகரில் ஹாஸ்டலில் இருக்கிற அவளுக்கு போன் பண்ணி இன்னும் எதுவும் சொல்லவில்லை. வெளியே புளியமரங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு தடவையாவது வண்டி பழுதாகி நின்றுவிடாதா என்று வேண்டிக்கொண்டாள். உடனே, ஐயோ நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சசிகலா காத்துக்கொண்டிருந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் ஓ.பி. சீட்டைத் தானே எழுதி வாங்கினாள். பேர் செவ்வந்தி, வயது நாற்பத்திநாலு. தன் பேரை அந்தக் காகிதத்தில் செவ்வந்தி இரண்டு தடவை படித்தாள். நாற்பது பேரை எழுதிய கைக்கு இந்த ஒரு பேரை எழுத வரவில்லையே. சாயங்காலம் வயிற்றைக் கழுவுகிற மருந்தை இரண்டு பாட்டில் கொடுத்தார்கள். குடிக்க முடியாமல் குடித்தாள். ராஜாக்கண்ணு கக்கூஸ் வாசலில் நின்றபடி ஒவ்வொரு தடவையும், "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கேமரா பார்த்த டாக்டர் அம்மா சசிகலாவோடு சேர்த்து நாலு பேரையும் உள்ளே கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். ஈரமான, சிவந்த ஒரு குகை. அதன் பக்கச் சுவரில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு மேடு.

"இதுதான். ரத்தம் இங்கேருந்துதான். கொஞ்சம் கிள்ளி அனுப்பியிருக்கோம். பத்து நாள்ல முடிவு வரும். இது எப்படிப்பட்டதுன்னு அதுக்கு முன்னாடி நான் சொன்னா அது பொய்."

"கேன்சரா?" என்றான் ராஜாக்கண்ணு. அந்த வார்த்தையை அவன் வாயால் அவள் கேட்டதே இல்லை.

"இருக்கலாம். இருந்தாலும் சின்னதா இருக்கு, சுவரைத் தாண்டினதா தெரியல. எப்படியும் எடுத்துடணும். எடுக்கிற மாதிரி இருக்கும்போது வந்திருக்கீங்க." டாக்டர் பேப்பரைப் புரட்டினார். "உங்களுக்கு டியூப்ல பாசிட்டிவ் வந்து அனுப்பினாங்களா? பேர் லிஸ்ட்ல இல்லையே."

சசிகலா ஜன்னல் பக்கம் பார்த்தாள். செவ்வந்தி வாயைத் திறப்பதற்குள் மாணிக்கம்மாள் முந்திக்கொண்டாள். "எம் பேர்ல இருக்குது பாருங்க" என்றாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ராஜாக்கண்ணு டீ வாங்கப் போனான். டீ வாங்குகிற சாக்கில் எங்கேயாவது நின்று அழுவான் என்று செவ்வந்திக்குத் தெரியும். பத்து நாள். இன்றோடு சேர்த்தா, சேர்க்காமலா? கேட்காமல் வந்துவிட்டாள். இன்று ஒரு நாள் போகவே இத்தனை நேரம் ஆகிறதே.

மாணிக்கம்மாள் களிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலி ஒண்ணும் இல்லியாடி உனுக்கு?"

"இல்ல அண்ணி."

"துளிகூட?"

"துளிகூட இல்ல."

மாணிக்கம்மாள் கூடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்தப் பச்ச மூடி டியூபு ஒண்ணு இருக்குதா?"

"எங்கிட்ட ஏது? பையையே திருப்பிக் குடுத்துட்டேன். சசிகலா மேடம்கிட்டதான் கேக்கணும்."

"கேட்டு வாங்கு. எனுக்கு ஒண்ணு, கருப்பனுக்கு ஒண்ணு. மீதிப் பேருக்கும் சேத்து ஆறா வாங்கிக்க. குடுக்கறாங்களா இல்லியான்னு நான் பாத்துக்கறேன்." திரும்பி செவ்வந்தியின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினாள். "ஆனா என்னுதை நானேதான் போடுவேன். நீ கிட்ட வராத."

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். மாணிக்கம்மாள் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சத்தம் போட்டு, சிரிக்காதடி, உள்ள புண்ணு இருக்குது என்று அதட்டினாள். அதட்டிவிட்டு அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.